எந்த நிறம், எந்தக் கிரியேச்சர்? முதல் டோர்னமென்டுக்கு டெக் கட்டுபவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஆறு மாதமாக ஃபோனில் மேஜிக் அரீனா (மேஜிக்: தி கேதரிங் கார்டு ஆட்டத்தின் டிஜிட்டல் வடிவம்) ஆடுகிறீர்கள். அடுத்த மாதம் கடையில் நடக்கும் ஸ்டாண்டர்ட் (அண்மைத் தொகுப்புகளின் கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் முறை) டோர்னமென்டில் முதல்முறையாக நிஜக் கார்டுகளோடு உட்காரப் போகிறீர்கள். டெக், அதாவது ஆட்டத்துக்குக் கொண்டுவரும் கார்டுக் கட்டு, பச்சை, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறம். லேண்ட் (மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் கார்டு) ஒவ்வொரு நிறத்திலும் எட்டு, மொத்தம் 24. கிரியேச்சர்களில், அதாவது மேசையில் இறங்கிச் சண்டை போடும் கார்டுகளில், லானோவர் எல்வ்ஸ் நான்கு, ஷிவன் டிராகன் நான்கு, செர்ரா ஏஞ்சல் நான்கு. "எல்லாமே நல்ல கார்டுகள். ஆனாலும் ஐந்தாவது டர்னுக்குள் தோற்றுவிடுகிறேன். எந்த நிறம் நல்லது, எந்தக் கிரியேச்சர்களை, எத்தனை வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்டுகள் நல்லவைதான், அதில் சந்தேகமே இல்லை. செர்ரா ஏஞ்சலும் ஷிவன் டிராகனும் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் இந்த ஆட்டம் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே இருந்தவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவற்றைத் திரும்ப அச்சிடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் கார்டைப் பார்த்துக் கார்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். போட்டிக்குப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த டர்னில் ஜெயிக்கப் போகிறோம் என்பதை. அதற்கு எந்த நிறம் உதவும் என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கிரியேச்சர் என்பது மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில் மூன்று நிறத்தால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கார்டில் எட்டு ஃபாரஸ்ட் (பச்சை மானா தரும் லேண்ட்) இருந்தால், கையில் வரும் முதல் ஏழு கார்டில் ஒரு ஃபாரஸ்டாவது இருக்க 65 சதவீத வாய்ப்பு. அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஓர் ஆட்டம் உங்கள் பச்சை எல்வ்ஸ் கையிலேயே உட்கார்ந்திருக்கும், இறக்க முடியாது. இரண்டு நிறமாக்கி பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் இது 81 சதவீதம் ஆகிறது. ஐந்துக்கு ஒன்றுதான் தவறும்.

ஒரே நிறத்தில் இரண்டு மானா கேட்கும் கார்டுகள் இன்னும் கடுமையானவை. ஒரு கிரியேச்சர் இரண்டு வெள்ளை மானா கேட்கிறது, அதை இரண்டாவது டர்னிலேயே இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்றால் அதுவரை பார்த்திருப்பது எட்டு கார்டு. டெக்கில் பன்னிரண்டு வெள்ளை லேண்ட் இருந்தால் பாதி ஆட்டங்களில்தான் அது நடக்கும், துல்லியமாகச் சொன்னால் 51 சதவீதம். இருபது வெள்ளை லேண்ட் இருந்தால் 82. கார்டின் மேல்மூலையில் இருக்கும் அந்தச் சின்னச் சின்ன வட்டங்களை எண்ணிப் பார்க்காமல் நிறம் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு நிற வட்டமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அந்தக் கார்டு எந்தக் கூட்டணிக்கும் ஒத்துப்போகும். ஒரே நிறத்தில் மூன்று வட்டம் இருந்தால் டெக் முழுவதையும் அந்த நிறத்துக்கே எழுதிக்கொடுக்கச் சொல்கிறது.

எழுதிக்கொடுத்தால் பலனும் உண்டு. 2018இல் வந்த டொமினேரியா தொகுப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றாக, மூன்று மானாவும் அதே நிறத்தில் கேட்கும் கிரியேச்சர்களைக் கொடுத்தார்கள். பச்சைக்கு ஸ்டீல் லீஃப் சாம்பியன், மூன்று மானாவுக்கு ஐந்துக்கு நான்கு, அதாவது தாக்கும் எண் ஐந்து, தாங்கும் பலம் நான்கு. வெள்ளைக்கு பெனாலிஷ் மார்ஷல், மேசையில் இருக்கும் உங்கள் மற்ற எல்லோருக்கும் ஒன்றுக்கு ஒன்று கூட்டிக் கொடுக்கும். சிவப்புக்கு கோப்ளின் செயின்வர்லர். இது மூன்றுக்கு மூன்று, முதல் அடி இதனுடையது, இறங்கும்போதே எதிராளிக்கும் அவருடைய ஒவ்வொரு கிரியேச்சருக்கும் ஒரு சேதம் கொடுக்கும்.

அந்த வருடம் நான் பச்சை டெக் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டத்தில் கையில் இரண்டே லேண்ட். ஆனால் லானோவர் எல்வ்ஸ் இரண்டு இருந்தது; ஒவ்வொன்றும் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு பச்சை மானா தரும். அது போதும் என்று அந்தக் கையை வைத்துக்கொண்டேன். முதல் டர்னில் ஒன்று, இரண்டாவதில் இன்னொன்று இறக்கியாயிற்று. அடுத்த டர்னில் நான்கு மானா, பெரிய ஆள் வரப்போகிறது. முதலில் ஆடிய எதிராளி தன் மூன்றாவது மவுன்டனை (சிவப்பு மானா தரும் லேண்ட்) வைத்தார். மூன்றையும் பக்கவாட்டில் திருப்பினார். செயின்வர்லரை மேசையில் வைத்தார். எல்வ்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லறைக் குவியலுக்குப் போயின. என்னிடம் இரண்டு ஃபாரஸ்டும், நான்கு ஐந்து மானா கேட்கும் ஐந்து கார்டும் மிச்சம். அடுத்த மூன்று டர்னும் லேண்ட் வரவில்லை. அந்த ஆண்டு மேஜிக்கின் பெரிய தொழில்முறைப் போட்டியான புரோ டூர் டொமினேரியாவை வயட் டார்பி சிவப்பு ஒரே நிற டெக்கை வைத்துத்தான் ஜெயித்தார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, நிறங்களுக்கு வருவோம். எந்த நிறம் நல்லது என்பதற்கு நிரந்தரமான பதில் கிடையாது, தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் மாறாத ஒரு கை பலமும் ஒரு ஊனமும் உண்டு. நான் எப்போதும் ஊனத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

பச்சைக்குக் கிரியேச்சர்தான் எல்லாம். கொடுக்கும் மானாவுக்கு மிகப் பெரிய உடம்பு கிடைப்பது இங்கேதான். மானாவை வேகப்படுத்துவதும் இங்கேதான். ஆனால் எதிராளியின் கிரியேச்சரைக் கொல்வதற்கு உங்கள் கிரியேச்சரையே சண்டைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மேசை காலியாக இருக்கும்போது கையில் இருக்கும் அந்தச் சண்டைக் கார்டால் ஒரு பயனும் இல்லை. பறக்கும் ஆட்கள் மேலே வந்தாலும் பச்சை திணறும்.

சிவப்புக்கு வேகம். இறங்கிய டர்னிலேயே தாக்கும் கிரியேச்சர்கள், எதிராளியின் கிரியேச்சர் மேலும் எதிராளி மேலும் நேராக எறியக்கூடிய சேதம். கை சீக்கிரம் காலியாகிவிடும் என்பது அதன் பிரச்சினை. ஐந்தாவது டர்னுக்கு அப்புறமும் எதிராளி நின்றுகொண்டிருந்தால் மூச்சு வாங்கும்.

வெள்ளை தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, சேர்ந்தால் படை. ஒருவரை ஒருவர் பலப்படுத்திக்கொள்ளும். தாலியா, கார்டியன் ஆஃப் த்ரேபன் போல எதிராளியின் மந்திரங்களுக்கு வரி போடும் ஆட்களும் உண்டு: இரண்டே மானாவுக்கு இரண்டுக்கு ஒன்று, ஆனால் லேண்டும் கிரியேச்சரும் அல்லாத எல்லாக் கார்டுக்கும் ஒரு மானா கூடக் கேட்க வைப்பாள். கார்டு எடுப்பதில் வெள்ளை பின்தங்கும்.

கறுப்பு கிட்டத்தட்ட எதையும் கொல்லும். அதற்கு விலையாகச் சில நேரம் உங்கள் உயிர்ப் புள்ளிகளையே கேட்கும். 2022இல் வந்த ஷியோல்ட்ரெட், தி அபோகலிப்ஸை ஒரு தடவை எதிரே பார்த்துவிட்டால் கறுப்புக் கிரியேச்சர் என்றால் என்ன என்று புரிந்துவிடும்: நான்கு மானா, நான்குக்கு ஐந்து, நீங்கள் ஒவ்வொரு கார்டு எடுக்கும்போதும் உங்களிடமிருந்து இரண்டு உயிர் போகும், எதிராளி எடுக்கும்போது அவருக்கு இரண்டு ஏறும்.

நீலத்தில் கிரியேச்சர் குறைவு. இருப்பவை பெரும்பாலும் பறப்பவை, அல்லது எதிராளியின் டர்னில் திடீரென்று இறங்குபவை. டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ் என்ற ஒரு மானா ஆள் ஒன்றுக்கு ஒன்றுதான். டெக்கின் மேல்கார்டு மந்திரமாக இருந்தால் மூன்றுக்கு இரண்டு பறக்கும் பூச்சியாக மாறிவிடும். அதற்காகவே டெக் முழுக்க மந்திரமாக நிரப்புவார்கள். முதல் டோர்னமென்டுக்கு நீலத்தை நான் பரிந்துரைப்பதில்லை. எதைத் தடுப்பது, எதை விடுவது என்பது எதிராளியின் டெக் தெரிந்தவர்களுக்குத்தான் கைவரும்.

கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிறப் புள்ளிகள் வட்டமாக இருக்கும்: வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை நட்பு நிறங்கள், எதிரெதிரே இருப்பவை பகை. இரண்டாவது நிறம் சேர்க்கும்போது இந்த நட்பு பகையைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இரண்டு வகைக்கும் இருநிற லேண்டுகள் இருப்பதால் அதற்கு முன்னளவு முக்கியத்துவம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் நிறத்தின் எந்த ஓட்டையை இரண்டாவது நிறம் அடைக்கிறது? பச்சையோடு கறுப்பைச் சேர்ப்பவர் பச்சையால் கொல்ல முடியாததைக் கொல்லச் சேர்க்கிறார். வெள்ளையோடு சிவப்பைச் சேர்ப்பவர் சின்னப் படைக்கு வழி விடச் சேர்க்கிறார், தடுக்க நிற்பவனை எரித்துவிட்டு உள்ளே போக. ஓட்டையின் பெயரை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் இரண்டாவது நிறம் வேண்டாம். பணமும் மிச்சம், ஏனென்றால் பல நிற டெக்குகளில் நல்ல இருநிற லேண்டுகளுக்கே காசு நிறையப் போய்விடும்.

இப்போது கிரியேச்சர்கள்.

1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டிக்கு பால் ஸ்லை ஒரு சிவப்பு டெக் கொண்டுவந்தார். அதை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அதில் இருந்த அயர்ன்கிளா ஆர்க்ஸ் மாதிரியான ஆட்களைப் பார்த்தால் யாரும் சேகரித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள்: இரண்டு மானாவுக்கு இரண்டுக்கு இரண்டு, அதுவும் பலசாலிகளைத் தடுக்கவே முடியாது. ஆனால் அந்த டெக் ஒவ்வொரு டர்னிலும் கையில் இருந்த மானா முழுவதையும் செலவழித்தது. முதல் டர்னில் ஒன்று, இரண்டில் இரண்டு, மூன்றில் மூன்று. பெரிய கார்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் நான்காவது லேண்டுக்குக் காத்திருந்தபோது அவர்களுடைய உயிர் கரைந்துகொண்டிருந்தது. இன்று எல்லோரும் மானா கர்வ் (ஒவ்வொரு டர்னிலும் மானாவுக்கு ஏற்ற கார்டு இருக்கும்படி விலைகளைப் பரப்புவது) என்று பேசுவது அங்கேதான் வேரூன்றியது. சிவப்பு வேக டெக்குகளை இன்றும் அவர் பெயரால் ஸ்லை என்று அழைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் டிராகனை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆறு மானா. 24 லேண்டோடு, முதலில் ஆடி, ஆறாவது டர்னில் ஆறு லேண்ட் மேசையில் இருப்பதற்கான வாய்ப்பு 32 சதவீதம். நான்கு பிரதி வைத்தால் முதல் கையிலேயே ஒன்றாவது வர 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஐந்து ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டம் ஒரு டிராகனைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு கார்டுக்குப் பதில் ஆறு கார்டோடு தொடங்குகிறீர்கள். நான்கு பிரதி என்பது முதல் மூன்று டர்னில் கட்டாயம் வேண்டும் என்கிற கார்டுக்கு. கடைசியில் ஆட்டத்தை முடிக்கிற ஆளுக்கு இரண்டு போதும்.

ஒரு கிரியேச்சரை எடைபோட நான் வைத்திருக்கும் முக்கியக் கேள்வி: இது இறங்கிய அடுத்த நொடியே எதிராளி இரண்டு மானாவில் கொன்றுவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? டிராகன் செத்தால் ஒன்றுமில்லை, நான்கு மானா நஷ்டம். மல்டிரிஃப்டர் ஐந்து மானாவுக்கு வெறும் இரண்டுக்கு இரண்டு பறக்கும் ஆள்தான், ஆனால் இறங்கும்போதே இரண்டு கார்டு கொடுத்துவிடும். செத்தாலும் நீங்கள் முன்னால்தான். 2012இல் வந்த திராக்டஸ்க் இறங்கும்போது ஐந்து உயிர் கொடுக்கும், போகும்போது மூன்றுக்கு மூன்று ஒன்றை விட்டுவிட்டுப் போகும்; அது ஸ்டாண்டர்டில் இருந்த நாட்களில் எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அதைக் கொல்வதா விடுவதா என்றே தெரியவில்லை. இறங்கியவுடன் தாக்கும் சிவப்பு ஆட்களும் இந்தக் கணக்கில் தேறுவார்கள், சாவதற்குள் இரண்டு சேதமாவது கொடுத்திருப்பார்கள். விலை குறைந்த ஆட்களும் தேறுவார்கள். ஒரு மானா எல்வ்ஸைக் கொல்ல எதிராளி இரண்டு மானா கார்டைச் செலவழித்தால் அது உங்களுக்கு லாபம்.

அடுத்து, தாங்கும் பலத்தைப் பாருங்கள். எல்லோரும் தாக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஆடப்போகும் கடையில் சிவப்பு ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் எறியும் கார்டு இரண்டு சேதமா மூன்றா என்று தெரிந்துகொண்டால், தாங்கும் பலம் மூன்றா நான்கா என்பது வாழ்வா சாவா என்று ஆகிவிடும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு சும்மா ஒரு தடவை அந்தக் கடைக்குப் போய் நின்று பாருங்கள். அரீனாவில் முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஆடுகிறீர்கள். கடையில் வருவது பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து பேர், அவர்களுக்கு அதே டெக்குகள்.

தனியாக இருக்கும்போதும் உபயோகப்படுமா என்றும் கேளுங்கள். தன் இனத்தாரைப் பலப்படுத்தும் தலைவன் கார்டுகள் ஆசை காட்டும். மேசையில் யாருமே இல்லாதபோது அதே தலைவன் ஒரு சாதாரண ஆள். அப்படிப்பட்ட டெக் கட்டினால் முழுதாகக் கட்டுங்கள், 25 கிரியேச்சருக்குக் குறையாமல். அப்புறம் பெயர் பெற்ற லெஜண்டரி ஆட்கள்: ஒரே பெயரில் இரண்டு பேரை மேசையில் வைத்திருக்க முடியாது என்பதால், மிக மிக அவசியம் என்றால் ஒழிய மூன்றுக்கு மேல் வைக்க வேண்டாம்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேகமாக அடிக்கிற டெக்குக்கு 20 முதல் 22 லேண்டும் 24க்கு மேல் கிரியேச்சரும் வழக்கம். நடுத்தர வேகத்துக்கு 24, 25 லேண்ட். ஆட்டத்தை இழுத்து முடிக்கிற டெக்கில் 26, 27 லேண்ட் இருக்கும், கிரியேச்சர் விரல்விட்டு எண்ணலாம்.

உங்களிடம் இருப்பதை வைத்து நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். பெரிய கிரியேச்சர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசையை விடச் சொல்ல மாட்டேன். பிடிக்காத டெக்கை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க ஐந்து சுற்று ஆடுவது கஷ்டம். பச்சையை முதல் நிறமாக வையுங்கள். சிவப்பு இரண்டாவது, ஏனென்றால் பச்சையால் நேராகக் கொல்ல முடியாததைச் சிவப்பின் எறியும் சேதம் கொல்லும், டிராகனும் அங்கே இருக்கிறது. வெள்ளையை எடுத்துவிடுங்கள். செர்ரா ஏஞ்சல் இரண்டு வெள்ளை கேட்கிறது, அதற்காக மூன்றாவது நிறம் வைப்பது கட்டாது.

லேண்ட் 24: இருநிற லேண்ட் நான்கு, ஃபாரஸ்ட் பதினொன்று, மவுன்டன் ஒன்பது. இப்படி வைத்தால் பச்சை தரும் லேண்ட் பதினைந்து, முதல் ஏழு கார்டில் பச்சை இருக்க 88 சதவீத வாய்ப்பு. இருநிற லேண்டில் நிமிர்ந்த நிலையில் இறங்கி அப்போதே மானா தருபவை இருந்தால் அவற்றையே பாருங்கள், முதல் டர்னில் படுத்த நிலையில் இறங்கும் லேண்டால் எல்வ்ஸை இறக்க முடியாது. எல்வ்ஸ் நான்கும் இருக்கட்டும். நான் செயின்வர்லரிடம் பட்டதைச் சொன்னேன், அதனால் எல்வ்ஸையே நம்பி இரண்டு லேண்ட் கையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மானா ஆட்கள் எட்டு, மூன்று மானாவில் ஆறு, நான்கில் நான்கு, ஐந்தில் மூன்று, மேலே டிராகன் இரண்டு. மிச்சம் ஒன்பது இடத்துக்கும் சிவப்பின் சேதக் கார்டுகள், முடிந்தவரை ஒன்று இரண்டு மானாவில். செர்ரா ஏஞ்சல்களை உறையோடு பத்திரமாக வையுங்கள், வெள்ளை டெக் கட்டும் நாள் வரும்.

பக்கத்தில் வைக்கும் 15 கார்டுகளில் (ஆட்டங்களுக்கு நடுவே டெக்கில் மாற்றிக்கொள்ளும் சைட்போர்டு) இரண்டு மூன்றாவது பறப்பவர்களைத் தடுக்கவோ வீழ்த்தவோ இருக்க வேண்டும். பச்சையில் அவை மலிவாகவே கிடைக்கும். எதிராளியின் ஆர்ட்டிஃபாக்டையும் (பொருள் கார்டு) என்சான்ட்மென்டையும் (மேசையில் தங்கும் மந்திரம்) உடைக்கும் கார்டுகளும் பச்சையில் உண்டு, அதிலும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டியவுடன் யாரோடும் ஆட வேண்டாம். தரையில் உட்கார்ந்து கார்டுகளை மானா விலைப்படி வரிசை வரிசையாக அடுக்குங்கள்: ஒன்று ஒரு வரிசை, இரண்டு ஒரு வரிசை, இப்படி. இரண்டும் மூன்றும்தான் நீளமாக இருக்க வேண்டும். ஐந்துக்கு மேல் வரிசை நீண்டிருந்தால் கண்ணுக்கே தெரியும். அப்புறம் நன்றாகக் கலைத்து ஏழு கார்டு எடுங்கள். முதல் மூன்று டர்னில் என்ன இறக்குவேன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுபடி கலையுங்கள், மறுபடி ஏழு. முப்பது தடவை செய்யுங்கள், ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது டர்ன் வரை எதையுமே இறக்க முடியாத கை எத்தனை வந்தது, நிறம் கிடைக்காமல் மாட்டிய கார்டு எது என்று எண்ணிக்கொண்டு அதே கேள்வியின் கீழே எழுதுங்கள். அந்த முப்பது கையைப் பார்த்துத்தான் எந்தக் கார்டை மாற்றலாம் என்று என்னால் சொல்ல முடியும்.